இருபதுக்குக் கீழே

காலை ஆறரை மணிக்குப் பிள்ளையில்லத்தின் பிள்ளைகள் பல் துலக்கிவிட்டு வரிசையாக நின்று, வலது மணிக்கட்டைத் திருப்பி, தங்கள் காயம் இன்றைக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டார்கள்.

“எனக்கு அம்பத்தி ஒண்ணு,” என்றாள் நஸீமா. “நேத்து அம்பதுலா இருந்துச்சு?”

“கனவு கண்டியாட்டி?” என்று கேட்டாள் தாமிரா.

“பல்லு வலிச்சுது. அதையும் சேத்து எண்ணிட்டு, கோட்டி புடிச்ச வளை. ஒனக்கு எவ்வளவு?”

தாமிரா மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“காட்டுட்டி.”

“இருபத்தி மூணு.”

நஸீமா விசிலடித்தாள். “இன்னும் நாலு எறங்குனா ஒனக்கு லட்டு.”

அந்த வளையின் பெயர் எண்வளை. இதயம் துடிக்கும் ஒழுங்கு, தோலில் ஊறும் ஈரம், மூச்சின் ஆழம், குரலின் நடுக்கம் எல்லாவற்றையும் அளந்து, பூஜ்யத்துக்கும் நூறுக்கும் இடையில் ஓர் எண்ணாகச் சொல்லும். அதுதான் காய எண். கீழே விழுந்து முட்டி பெயர்வதால் வரும் காயத்தை அது கணக்கில் எடுக்காது. நெடுநாள், பலமுறை, நம்பியவர்கள் கையாலேயே பட்ட காயத்தைத்தான் அளக்கும். செந்தேரியின் பெரியவர்கள் யாரும் எண்வளை அணியவில்லை. தங்களுக்குத் தேவையில்லை என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள்.

செந்தேரி செவ்வாய்க் கோளில் இருந்தது. எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்துபோன நீண்ட குழாய்க்குள் நாலாயிரம் பேர் வாழ்ந்தார்கள். முதலில் வந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துக்காரர்கள். வெளியே விரிந்து கிடந்த செம்மணலைப் பார்த்ததும் ஊர்த் தேரிக்காடு நினைவுக்கு வர, அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஊருக்குக் காற்றும் தண்ணீரும் துருவப் பனியிலிருந்து வந்தன. பனி வெட்டப் போகிறவர்கள் பதினெட்டு மாதம் அங்கேயே இருக்கவேண்டும். பதினெட்டு முப்பத்தாறாகும். பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. வேறொரு வீட்டில் விட்டுப் போவார்கள். அந்த வீட்டாருக்கு முறை வரும்போது அவர்கள் இன்னொரு வீட்டில் விடுவார்கள். இதற்கு யாரும் கெட்ட பெயர் வைக்கவில்லை. ‘பிள்ளைய மாத்தி வைக்கது’ என்றார்கள், நாற்றைச் சொல்வதுபோல.

தாமிராவை ஆறு வீடுகளில் மாற்றி வைத்தார்கள். மூன்றாவது வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை. அவளை விண்ணங்கிகள் தொங்கும் அலமாரிக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஊரில் காற்று நின்றாலும் அலமாரிக்குள் நிற்காது, அதனால் அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். ஆறாவது வீட்டில் அவள் தலையணைக்குள் சப்பாத்தியை ஒளித்து வைத்தாள். தொட வந்தவரைக் கடித்தாள். பதினோரு வயதில் பிள்ளையில்லத்துக்கு வந்தபோது அவள் காய எண் எழுபத்தெட்டு.

அங்கேதான் அவளுக்கு ஓர் உடனியைக் கொடுத்தார்கள்.

உடனி ஓர் இயந்திரம். உட்கார்ந்திருக்கும் மனிதனின் உயரம்தான் இருக்கும். நகரும்போதும் உட்கார்ந்தபடியே நகரும். எந்தப் பிள்ளைக்கும் மேலே நிழல் விழ நிற்கக் கூடாது என்று அதை அப்படி வடிவமைத்திருந்தார்கள். முகம் கிடையாது. சாம்பல் நிறத் துணி போர்த்திய ஒரு பக்கம் எப்போதும் பிள்ளையின் பக்கம் திரும்பியிருக்கும். அதன் வேலை எளிமையானது. தினமும் காலை ஏழு மணிக்கு வரும். மூன்றடி தள்ளி இருக்கும். அரை மணி நேரம் போகாது. கேட்டால் பதில் சொல்லும். பொய் சொல்லாது. அவ்வளவுதான். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்று கண்டுபிடிக்க அறிவியலுக்கு நெடுங்காலம் ஆகியிருந்தது.

முதல் நான்கு மாதம் தாமிரா அதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் சாம்பார் கிண்ணத்தை அதன்மேல் எறிந்தாள். மறுநாள் ஏழு மணிக்கு அது வந்தது. துணியில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது.

“கழுவலியா?” என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் சொல்.

“கழுவினேன். போகவில்லை,” என்றது உடனி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “என்ன, செய்தி வாசிக்க மாதிரி பேசுத? தடியா.”

அன்றிலிருந்து அதன் பெயர் தடியன். இரண்டு ஆண்டுகளில் எழுபத்தெட்டு, இருபத்து மூன்றானது.

*

காய எண் இருபதுக்குக் கீழே இறங்கினால் பிள்ளை குணமாகிவிட்டது என்று பொருள். செந்தேரியில் ஒன்பது உடனிகள்தான் இருந்தன. பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர். ஓர் உடனி ஒரே பிள்ளையோடுதான் இருக்கவேண்டும் என்று மனநல மருத்துவர் ஜெசிந்தா பிடிவாதமாக இருந்தார். எனவே மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஒரு பிள்ளை இறங்கினால் அதன் உடனி அடுத்த பிள்ளைக்குப் போகும். அடுத்தது நஸீமாவின் முறை.

“நீ எறங்குனா எனக்கு வரும்லா,” என்று நஸீமா அதை ஒளிக்காமல் சொன்னாள். “சீக்கிரம் எறங்குட்டி. புண்ணியமாப் போவும்.”

தாமிரா அன்று ஏழு மணிக்குத் தடியனிடம் கேட்டாள்.

“இருபதுக்குக் கீழ போனா நீ போயிருவியா?”

“ஆமாம்.”

“அங்கன போனாலும் என் ஞாபகம் இருக்கும்லா?”

“இருக்காது. நீ சொன்னதெல்லாம் உன்னுடையது. அதை நான் இன்னொரு பிள்ளையிடம் எடுத்துப் போகக் கூடாது. கழுவிவிடுவார்கள்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாவற்றையும்.”

அவள் அதன் துணியில் இருந்த கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி முழுவதும் தெரிந்த ஒன்று இந்தக் கோளில் அதுமட்டும்தான்.

அன்றே எண்ணை ஏற்றுவது என்று முடிவு செய்தாள்.

முதலில் ஏழு மணிக்கு முன்னால் தாழ்வாரத்தில் ஓடிவிட்டு வந்தாள். எண்வளை ஓட்டத்தைத் தனியாகக் கழித்துவிட்டது. சமையற்கட்டில் மிளகாயைக் கடித்துவிட்டு வந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியதே தவிர எண் அசையவில்லை.

“எல்லாரும் எறக்கப் பாக்கா, நீ ஏத்தப் பாக்க,” என்று நஸீமா சிரித்தாள். “பேசாம எனக்குக் கொஞ்சம் குடுத்திரு, நான் ஒனக்குக் கொஞ்சம் தாரேன். தங்கச்சிக்குச் சட்ட மாத்திக் குடுக்க மாதிரி.”

எண்வளையைப் பொய்யால் ஏமாற்ற முடியாது. உண்மைதான் வேண்டும். தாமிராவிடம் ஓர் உண்மை இருந்தது. அதை இரண்டு ஆண்டுகளில் தடியனிடம்கூட அவள் சொன்னதில்லை.

மறுநாள் அதை எடுத்தாள்.

“அஞ்சாவது வீட்டுல,” என்று ஆரம்பித்ததுமே மணிக்கட்டில் எண் முப்பத்தொன்பதுக்குத் தாவியது. அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. “எங்கம்மா செத்துப்போனா. பனிப்பாளம் சரிஞ்சு. எனக்கு எட்டு வயசு. எனக்கு யாரும் சொல்லல.”

ஐந்தாவது வீட்டுக்காரரின் பெயர் தங்கமாடன். நல்ல மனிதர். பிள்ளை மனது உடைந்துவிடும் என்று அவரும் மனைவியும் பயந்தார்கள். தாமிராவின் அம்மா ரூபி அதுவரை துருவத்திலிருந்து நாற்பது படச்செய்திகள் அனுப்பியிருந்தாள். அந்த நாற்பதையும் ஓர் உருவாக்கியில் போட்டுப் புதிய செய்திகள் செய்தார்கள். அதே முகம், அதே குரல், அசையும் உதடு. வாரம் ஒன்று. பதினான்கு மாதம்.

“சாப்பிட்டியான்னு கேப்பா. தலை சீவுனியான்னு கேப்பா. நல்லாப் படின்னு சொல்லுவா. அவ சட்டையில எடது கைமுட்டிகிட்ட கிழிஞ்சிருக்கும். ஒவ்வொரு வாரமும் கிழிஞ்சே இருக்கும். தைச்சுக்கோம்மான்னு நான் பதில் அனுப்புனேன். மறுவாரமும் கிழிஞ்சிருந்துச்சு.”

அன்று எண் ஐம்பத்தெட்டில் நின்றது. அரை மணி முடிந்தது.

“இன்றைக்கு ஏன் இதைச் சொன்னாய்?” என்று கேட்டது உடனி.

“சும்மா.”

வார்டன் பேச்சியம்மாள் எண்ணைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “என்னட்டி ஆச்சு? நல்லாத்தான இருந்த?” தாமிரா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு தெரிந்துவிடக் கூடாது.

இரண்டாம் நாள் மீதியைச் சொன்னாள். சட்டையைத் தைக்காவிட்டால் பேசவே மாட்டேன் என்று அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். அடுத்த வாரம் சட்டை தைத்திருந்தது. தங்கமாடன் மாமா உருவாக்கியில் அந்த இடத்தைச் சரிசெய்திருந்தார். அம்மா தன் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று தாமிரா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். கூடப் படித்த ஒரு பெண் அவளைக் குழப்பத்தோடு பார்த்தாள். ‘ஒங்கம்மா செத்து ஒரு வருசம் ஆச்சே? எழவுக்கு நாங்கள்லாம் போனோமே, ஒன்னத்தான் காணல.’

“அம்மா உசிரோட இருந்தப்ப நான் சொன்ன எதையும் கேட்டதில்ல தடியா. அவளுக்கு நேரமில்ல. செத்த பெறவுதான் கேட்டா.”

எண் ஐம்பது.

மூன்றாம் நாளும் அதையே சொன்னாள். நாற்பத்திரண்டு. நான்காம் நாள் இன்னும் விரிவாக, அந்தப் பெண்ணின் ரிப்பன் நிறம்வரை சொன்னாள். முப்பத்து மூன்று. தாமிரா வளையைத் தட்டிப் பார்த்தாள்.

“இது ஏன் எறங்குது?”

“நீ சொல்லச் சொல்ல இறங்கும்,” என்றது உடனி. “சொல்லாமல் வைத்திருந்ததால்தான் அது அவ்வளவு பெரிதாக இருந்தது. நீ எண்ணை ஏற்றுவதற்காகச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் நீ என்ன காரணத்துக்காகச் சொன்னாலும் அது இறங்கும்.”

“மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?”

“நீ கேட்கவில்லை. நான் சொல்லியிருக்கவேண்டும். தவறுதான்.”

எந்த வீட்டிலும் யாரும் அவளிடம் தவறு என்று சொன்னதில்லை. எண் முப்பத்தொன்றானது.

அடுத்த நான்கு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. உடனி வந்தது, மூன்றடி தள்ளி இருந்தது, போனது. முப்பத்தொன்று அப்படியே நின்றது. இப்படியே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பேசாமல் இருந்தால் போதும், தடியன் தன்னுடனேயே இருப்பான்.

நான்காம் நாள் பிற்பகலில் அவள் அம்மாவின் செய்திகளைத் திறந்தாள். இல்லத்தில் சேர்த்தபோது மருத்துவர் ஜெசிந்தா பொய்ச் செய்திகளை எல்லாம் பிரித்தெடுத்து, உண்மையான நாற்பதையும் தேதி போட்டுக் கொடுத்திருந்தார். முப்பத்தொன்பதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். கடைசியாக வந்த நாற்பதாவதைத் தங்கமாடன் வீட்டில் காட்டியதில்லை, இங்கும் அவள் அதைத் திறந்ததே இல்லை. அது பன்னிரண்டு நொடி இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு உடனி வந்தது. தாமிரா உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பத்து நிமிடம் ஆனது. யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. நஸீமாவிடம் சொன்னால் பாதியில் ஏதாவது கேலி பேசுவாள். பேச்சி அக்காவுக்கு அடுப்பில் வேலை. அவள் தடியனையும் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சொன்னால் இவன் போய்விடுவான். சொல்லாவிட்டால் இவன் இருந்தும் என்ன?

“நேத்து நாப்பதாவதப் பாத்தேன்,” என்றாள்.

உடனி காத்திருந்தது.

“தாமி, ஒனக்கு ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிச்சா. யாரோ கூப்புட்டாவ. இரு, பெறவு சொல்லுதேன்னு அணச்சிட்டா. அவ்வளவுதான்.” அவள் குரல் உடைந்தது. “என்ன சொல்ல வந்திருப்பா?”

“தெரியவில்லை.”

“எனக்குந் தெரியல.” அவள் நீண்ட நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா என்னமோ சொல்லணும்னு நெனச்சிருக்கா. எனக்குன்னு.”

“ஆமாம். நினைத்திருக்கிறாள்.”

மூச்சு தானாக ஆழமாக இறங்கியது. அவள் பார்க்காமலேயே தெரிந்துகொண்டாள். பத்தொன்பது.

*

இறங்கும் பிள்ளைக்குச் செந்தேரியில் ஒரு சின்ன விழா எடுப்பார்கள். ஊர்க்குழுத் தலைவர் அதிசயராஜ் வந்து சான்றிதழ் கொடுத்தார். பேச்சியம்மாள் வெல்லத்தில் லட்டு பிடித்திருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

விழா நடந்துகொண்டிருக்கும்போதே உடனியை எடுத்துப்போக ஆள் வந்துவிட்டார். தாமிரா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

“போறியா?”

“போகிறேன்.”

“திரும்பி வருவியா?”

“வர மாட்டேன்.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “ஒரே ஒரு பொய் சொல்லேன். வாரேன்னு சொல்லேன்.”

“முடியாது.”

“முடியாதா? மாட்டியா?”

உடனி வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது. “தெரியவில்லை,” என்றது.

மூன்றாம் நாள் அது நஸீமாவிடம் வந்தது. புதுத் துணி போர்த்தியிருந்தார்கள். கூடத்தின் அந்த மூலையில் நஸீமாவும் அதுவும், இந்த மூலையில் தாமிரா. நஸீமா முதல் நாளே பேச ஆரம்பித்துவிட்டாள். கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அதற்கு ‘சீனி’ என்று பெயர் வைத்தாள். தாமிரா கறை இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல அதன் பக்கமாக ஒருமுறை நடந்து போனாள். உடனி வழிவிட்டு ஒதுங்கியது. தெரியாதவர்களுக்கு ஒதுங்குவதுபோல.

“ஏட்டி, இவன் பொய்யே சொல்ல மாட்டுக்கான், தெரியுமா?” என்றாள் நஸீமா அன்று மதியம்.

“அப்படியா?” என்றாள் தாமிரா.

தினமும் ஏழு மணிக்கு அவள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஒருநாள் பேச்சியம்மாள் காய்க்கூடையோடு கடந்து போனாள். “அக்கா, கொஞ்சம் ஒக்காரேன்,” என்றாள் தாமிரா.

“என்னட்டி, மேலுக்கு முடியலையா?”

“இல்ல. சும்மாதான்.”

“நல்லாத்தான இருக்க! நல்லா இருக்க பிள்ளகிட்ட எதுக்கு ஒக்காரணும்? அங்கன ஒண்ணு காலையிலேருந்து அழுதுட்டுக் கெடக்கு,” என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அங்கே ஒரு பிள்ளை அழுதுகொண்டுதான் இருந்தது.

ஆறு வாரத்தில் தாமிராவின் காய எண் அறுபத்து நான்கு.

*

ஊர்க்குழு கூடியது. மருத்துவர் ஜெசிந்தா மூன்று பிள்ளைகளின் வரைபடங்களைக் காட்டினார். மூன்றிலும் கோடு இருபதுக்குக் கீழே போய், பிறகு செங்குத்தாக ஏறியிருந்தது.

“இவங்க காயமே விட்டுட்டுப் போறதுனால வந்தது,” என்றார். “போகாம ஒருத்தர் கூட இருந்ததால ஆறுச்சு. ஆறுனதும் நாம அதையும் எடுத்துட்டோம்.”

“எடுக்காம என்ன டாக்டர் செய்ய?” என்றார் அதிசயராஜ். “ஒம்பதுதான் இருக்கு. இன்னும் இருபத்தஞ்சு பிள்ள வரிசையில நிக்கி.”

“இயந்திரம்தான் வேணும்னு இல்லையே. எறங்குன பிள்ளைங்களோட நம்மள்ல யாராவது தினம் அரை மணி நேரம் உட்காரலாம். ஒரே ஆளு. எதுவும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்தா போதும்.”

அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவர் காற்று ஆலைக்குப் போகவேண்டும் என்றார். ஒருவருக்கு வேலை நேரம் மாறி மாறி வருமாம். ஒருவர் நேரமானியைப் பார்த்தார்.

“நான் ஒக்காருதேன்,” என்றாள் பேச்சியம்மாள். “வியாழக்கிழமன்னா முடியும். எல்லா வியாழனும் இல்ல.”

யாரோ இருமினார்கள். பேச்சியம்மாளுக்குத் தன் பேச்சே சங்கடமாகிவிட்டது. அதை மறைக்க இன்னொன்றைச் சொன்னாள்.

“தப்பா நெனைக்காதிய டாக்டர். தூக்கியே வச்சிருந்த பிள்ளைய எறக்கிவிட்டா அழத்தான் செய்யும். எங்கம்ம சொல்லுவா, பிள்ளையக் கைச்சூட்டுக்குப் பழக்காத, பெறவு ஒரு வேலை பாக்க விடாதுன்னு. நாங்க ஆறு பேரும் அப்படித்தான் வளந்தோம். ஒண்ணும் ஆவலியே?”

அதிசயராஜ் மேசையைத் தட்டினார். “அதான! உடனிய எடுத்ததுனால இல்ல காயம். ரெண்டு வருசம் ஒரே உடனியோட பழகவிட்டதுனால. பழகுனாத்தான பிரிவு?”

தீர்மானம் அன்றே எழுதப்பட்டது. இனி எந்த உடனியும் எந்தப் பிள்ளையோடும் ஏழு நாளுக்கு மேல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கழுவி, திங்கட்கிழமை மாற்றி அனுப்பவேண்டும். ஒரு பிள்ளையோடே கட்டிப்போடாமல் நேரம் பிரித்து அனுப்பினால் முப்பத்து நான்கு பிள்ளைகளுக்கும் கிடைக்கும். யாரும் வரிசையில் நிற்க வேண்டாம். மருத்துவர் ஜெசிந்தா நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு பேருக்கும் என்ற வரியைத் திரும்பப் படித்தார். கையெழுத்துப் போட்டார். அவருக்கும் அடுத்த வேலை தொடங்க நேரமாகியிருந்தது.

*

முதல் திங்கட்கிழமை தாமிராவிடம் ஓர் உடனி வந்து மூன்றடி தள்ளி இருந்தது.

“எத்தன நாளு?” என்றாள்.

“ஏழு.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அலமாரி, சட்டைக் கிழிசல், பன்னிரண்டு நொடி, கறை, தடியன் எல்லாவற்றையும். ஏழு நாளுக்குள் முடித்துவிடவேண்டும் என்று அவசரமாகச் சொன்னாள். இரண்டாவது திங்கட்கிழமை வந்த உடனியிடம் பாதி சொன்னாள். மூன்றாவதிடம், “எங்கம்மா செத்துட்டா,” என்று மட்டும் சொன்னாள். நான்காவதிடம் வானிலை பற்றிப் பேசினாள்.

நஸீமாவின் சீனியும் முதல் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது. அவள் இரண்டு நாள் யாரிடமும் கேலி பேசவில்லை.

“எண்ணு ஏறுது எனக்கு,” என்றாள் ஒருநாள். “ஏறுனா அந்த டாக்டர் வந்து குடையுதாவ. என்னட்டி செய்ய?”

தாமிராவுக்கு அது தெரியும். எந்த நினைவைத் தொட்டால் எண் எவ்வளவு ஏறும் என்று அவளைப்போல் படித்தவர்கள் செந்தேரியில் யாரும் இல்லை.

“அந்த நெனப்புப் பக்கமே போவாத,” என்றாள். “கேட்டா பதில் சொல்லு. ஆனா உடனிகூட ஒட்டாத. வெளிய மணல் கெடக்குலா, அத நெனச்சுக்கோ.”

“அப்பம் என்ன ஆவும்?”

“ஒண்ணும் ஆவாது.”

நஸீமா மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். மணலை மட்டும் நினைத்தால் இதயமும் மூச்சும் ஒரே சீராக ஓடின, வளைக்கு அளக்க எதுவும் கிடைக்கவில்லை. ஐந்து மாதத்தில் பிள்ளையில்லத்தின் முப்பத்து நான்கு கோடுகளும் இருபதுக்குக் கீழே வந்து, குளத்துத் தண்ணீர்போல அசையாமல் நின்றன. யாரும் உணவை எறியவில்லை. யாரும் கடிக்கவில்லை. உடனிகள் வந்தபோது வணக்கம் சொன்னார்கள், போனபோது நன்றி சொன்னார்கள். செந்தேரி முறை என்று அதற்குப் பெயர் வந்தது. பூமியில் அதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்கள்.

அடுத்த ஆண்டு பூமியிலிருந்து ஒரு குழு பார்வையிட வந்தது. ஏழு மாதப் பயணம். குழுவின் தலைவி சாருலதா, குழந்தைகள் நலத் துறையின் பெரிய அதிகாரி. காப்பகங்களுக்கு மட்டுமல்லாமல் எல்லா வீடுகளுக்கும் இந்த முறையைக் கொண்டுபோகலாம் என்ற திட்டம் அவரிடம் இருந்தது.

கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. சாருலதா வியப்போடு நடந்து வந்து தாமிராவின் முன்னால் குனிந்தார். அவர் கழுத்தில் ஒரு சின்னச் சட்டத்துக்குள் ஐந்து வயதுப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“உன் பேரு என்னம்மா?”

“தாமிரா.”

“அழகான பேரு. உனக்கு ஏதாவது வேணுமா? எதுன்னாலும் கேளு. நான் அனுப்பி வைக்கிறேன்.”

தாமிராவின் பார்வை ஒரு நொடி சுவரோரம் நிறுத்தியிருந்த ஒன்பது உடனிகளின்மேல் போனது. ஒன்பதும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்பதிலும் புதுத் துணி. அவள் முதலாவதைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், மூன்றாவதில் நிறுத்திக்கொண்டு, மணலை நினைத்தாள். மைல்கணக்கில் கிடக்கும் செம்மணல். அதில் யாரும் நடக்கவில்லை.

“ஒண்ணும் வேண்டாம்,” என்றாள்.

மணிக்கட்டில் பதினொன்று. ஜெசிந்தா அந்த எண்ணைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் சாருலதா நிமிர்ந்துவிட்டார்.

“பாத்தீங்களா டாக்டர்? ஒண்ணுமே கேக்கல! எவ்வளவு சமத்து!” அவர் குரல் நெகிழ்ந்திருந்தது. தன்னையறியாமல் கழுத்துச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டார். “என் பையன் நான் கிளம்பினப்ப காலைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. ரெண்டு பேர் சேந்துதான் பிரிச்சு எடுத்தாங்க. இன்னமும் செய்தி அனுப்புறான், எப்ப வருவே, எப்ப வருவேன்னு. ஊருக்குப் போனதும் முதல் வேலையா அவனை இதுக்குப் பழக்கணும்.”